கட்டிலருகே சொன்ன செபமாலை

பக்கவாதம் வந்து அப்பா படுக்கையில் விழுந்தபோது, அவருக்குக் கேட்கிறதா என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. கண் திறந்திருக்கும், பேச்சில்லை, அசைவில்லை. கூப்பிட்டால் பார்வை கூரையை விட்டு இறங்காது. எங்கள் ஊரான வங்காலை முழுவதும் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனது. ஊரே தீர்ப்புச் சொன்ன பிறகு எங்களுக்கு என்ன வேலை?

செபமாலைதான் மிச்சம். பொழுதுபட்டதும் கட்டிலைச் சுற்றி முழங்காலில் இருப்போம். எந்தக் கருத்துக்காகச் செபிக்கிறோம் என்பதை முதலில் உரக்கச் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். மூத்தவள் என்பதால் அது என் பங்கு. அப்பாவுக்கு நல்மரணம் கிடைக்க வேண்டுமென்று, நல்ல சாவுக்குப் பாதுகாவலரான சூசையப்பரிடம் கேட்பேன். கோயிலில் வாசகம் வாசித்துப் பழகிய தொண்டை. ஒரு சொல்லும் தவறாது. அவருடைய காதுக்கும் என் வாய்க்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது.

கடைசியாக அப்பாவைக் கொண்டுபோய்க் காட்டிய யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் ஒரு டொக்டர், தலையில் கம்பிகளை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிந்தால், கேட்கும்போது எந்தெந்த இடம் வேலை செய்கிறது என்று தெரியும் என்றார். பழக்கமான குரல் ஏதாவது கொண்டுவரச் சொன்னார். எங்களிடம் இருந்தது ஒன்றுதான்: கனடாவில் இருக்கிற தங்கச்சிக்காகப் போனில் பதிந்த செபமாலை. பெரிய காரியம் செய்தவர்கள் போல அதைக் கொடுத்தோம்.

டொக்டர் அதை அப்பாவின் காதருகே நேராகவும் ஓட்டினார், பின்னிருந்து முன்னாகவும் ஓட்டினார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பின்னிருந்து ஓட்டினால் ஒலிக்குரிய இடம் மட்டும் அசைகிறதாம். நேராக ஓட்டினால் பேச்சை விளங்கிக்கொள்ளும் இடமும் சேர்ந்து அசைகிறதாம்.

"அப்பாவோட கதையுங்கோ. அவருக்கு விளங்குது எண்டுதான் நினைக்கிறன்."

அந்தப் பதிவின் முதல் வசனமே என்னுடையது. எந்தச் சொல் விளங்கியது என்று தெரியுமா என்று கேட்டேன். அந்த அளவுக்குக் கருவி சொல்லாது என்றார். நல்ல கருவி. வெட்கத்தில் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பாவைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்று பொழுதுபட்டு முழங்காலில் இருந்தபோது, கருத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மா எழும்பி அப்பாவின் காதருகே குனிந்தார்.

"இஞ்சருங்கோ, இவ்வளவு நாளும் நீங்கள் போகவேணும் எண்டு மன்றாடினனாங்கள். எல்லாம் விளங்கியும் நீங்கள் போகேல்ல. இனி மன்றாட மாட்டம். இருங்கோ."