திறக்காமல் விட்ட ஜன்னல்

அம்மாவைப் பெற்ற எங்கள் அம்மிச்சி பிறந்தது ஹங்கேரி நாட்டில், ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில். நாட்டில் கலவரம் மூண்டபோது இளம்பெண்ணாக வீட்டை விட்டு ஓடி, இங்கிலாந்தில் நர்ஸ் படிப்பு முடித்தார். தேயிலை இயந்திரங்களைப் பற்றிப் படிக்கப் போயிருந்த எங்கள் அப்பிச்சியை அங்கேதான் மணந்தார். கோத்தகிரியில் வந்து இறங்கிய வெள்ளைக்கார மருமகளைப் பார்த்து, ஒரு மழைக்காலம் தாங்குவாளா என்று ஊரே பேசியதாம். அப்படிப் பேசியவர்கள் எல்லோரையும்விட அம்மிச்சி நெடுநாள் இருந்தார்.

அப்பிச்சி இளவயதிலேயே காலமானார். அம்மிச்சி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து என் அம்மாவையும் மாமாவையும் ஆளாக்கினார். பிரசவம் என்று ஆள் வந்தால் கொட்டும் மழையிலும் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு நடந்தே போவார். கிறிஸ்துமஸுக்குக் கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி சுட்டு அக்கம்பக்கமெல்லாம் கொடுப்பார். பாதிப் பேர் அதை மாட்டுக்குப் போட்டதை இப்போது சொல்லிவிடலாம்.

துக்க வீட்டுக்குப் போனால் அம்மிச்சி முதலில் ஜன்னலைத் திறப்பார். உயிர் வெளியே போக வழிவிட வேண்டும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். கோத்தகிரிக் குளிரில் அந்த வீட்டார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வார்கள். நாங்கள் அவருக்கு 'ஜன்னல் ஆபீசர்' என்று பெயர் வைத்துச் சிரித்தோம். இதெல்லாம் எதற்கு என்று என் அம்மா ஒருமுறை கடிந்துகொண்டார். அதற்கு அம்மிச்சி சொன்னார்:

"எங்கம்மா போனப்ப என்னால போக முடியல கண்ணு. ஜன்னல யாராச்சும் தெறந்தாங்களோ என்னமோ, தெரியாது. அதான் போற பக்கமெல்லாம் நான் தெறந்துடறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. நினைவில் வைக்கவும் இல்லை.

போன மார்கழியில் அம்மிச்சிக்கு மூச்சுத்திணறல் வந்தது. பனிக்காற்று நுழையாமல் ஜன்னல் இடுக்கில் பழைய சேலையைத் திணித்தவள் நான். கடைசி நாள் காலையில் அவர் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். குளிருகிறது போல என்று திரையையும் இழுத்துவிட்டு இன்னொரு கம்பளியைப் போர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டார். சமவெளியான கீழ்நாட்டிலிருந்து வந்த சொந்தங்களுக்குக் குளிர் ஆகாது என்று வீட்டை இறுக்கச் சாத்தி, செய்ய வேண்டிய முறைகளை ஒரு குறையும் இல்லாமல் செய்தோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

அடக்கம் முடிந்து வந்த பிறகு அம்மா அந்த அறைக்குள் போனார்.

"ஏம் பாப்பா, ஜன்னல யாராச்சும் தெறந்தீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். சேலை அந்த இடுக்கிலேயே இருந்தது. அதைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன். அறையில் வெறும் கட்டில்தான் இருந்தது.

ஊரார் வீடுகளில் எல்லாம் வழி திறந்துவிட்டவரை, அவர் வளர்த்த நாங்கள் அடைத்து வைத்து அனுப்பினோம். வெட்கமாக இருக்கிறது. ஓராண்டு ஆகியும் அது குறையவில்லை.

கல்லறைக்குப் போகும் ஏற்றத்தில் பெட்டியைத் தோளில் சுமந்த லைன் பிள்ளைகளுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், பஸ் மாறி மாறி மலையேறி வந்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முதலாண்டு நாளில் எங்கள் வீட்டில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும்போது உங்களுக்குக் குளிரும். வீட்டின் எல்லா ஜன்னல்களையும் திறந்து வைத்திருக்கிறோம். தயவுசெய்து யாரும் எழுந்து சாத்திவிட வேண்டாம்.