மூன்றாம் எண்ணுக்கு எட்டரை மார்க்

அந்தத் தேயிலைக் கிடங்கில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'துப்பறிவாளர்'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது மற்றவர்களுக்கும் தெரியும். வாயில் விட்ட தேநீரைத் துப்பித் துப்பியே சம்பளம் வாங்குகிற மனிதர். போதாக்குறைக்கு, எதிரில் வருகிறவன் சும்மா சிரித்தால்கூட எதற்குச் சிரித்தான் என்று மத்தியானம்வரை யோசிக்கிறவர். வேறு என்ன பெயர் வைப்பார்களாம்?

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. காலை ஒன்பது மணிக்கு நீள மேசைமேல் நாற்பது வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். கோப்பைக்கு அடியில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் எந்தத் தோட்டத்துச் சரக்கு என்கிற பட்டியலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு எடைக்கல்லையும் வைத்திருப்பார்கள். அவர் கரண்டியில் அள்ளி, சுர்ரென்று காற்றோடு உறிஞ்சி, நாக்கில் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு, மையில் மார்க் எழுதுவார். பென்சிலைத் தொடவே மாட்டார். நாற்பதும் முடிந்த பிறகுதான் பட்டியல் நிமிரும். நிமிர்ந்துவிட்டால் அப்புறம் மார்க் மாறாது. ஒருமுறை முதலாளியின் சொந்த அண்ணன் தோட்டத்துச் சரக்கே மூன்று மார்க் வாங்கிவிட்டது. "இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்களேன்" என்று முதலாளி குழைந்தார். இவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

"கண்ணு பொய் சொல்லும். பேரு அதைவிடப் பெரிய பொய் சொல்லும். நாக்குக்கு மட்டும்தான் மாமன் மச்சான் கிடையாது" என்பார்.

கிடங்கில் இதெல்லாம் சரி. வீட்டுக்கு வந்தும் இதையே செய்தால்? பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கத்தரிக்காயை மோந்து பார்ப்பார். மகள் ஆபீஸிலிருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தால் எந்தப் பஸ், எத்தனை மணி, டிரைவர் மீசை வைத்திருந்தானா என்பதுவரை விசாரணை நடக்கும். மகளுக்கு இருபத்து நான்கு வயது. பதில்களை வீட்டுக்குள் நுழையும் முன்பே தயாராக வைத்திருப்பாள்.

அந்த வீட்டில் பதினொரு வருடமாகப் பாட்டு கிடையாது. அதற்கு ஒரு கதை இருந்தது.

முன்பு கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர் வைத்த டேப்ரெக்கார்டர் ஒன்று இருந்தது. அவர் மனைவி தையல்காரி. ஜன்னலோரம் மிஷினைப் போட்டு, பாட்டைக் கேட்டபடியே நாளெல்லாம் தைப்பாள். அவர் வெளியூர் போய் வந்த ஒரு மாதத்தில் அந்தப் பெட்டி கருகி நின்றது. திருப்புளியை எடுத்து இவரே கழற்றினார். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பழசு! வேறு எதிலிருந்தோ கழற்றி வைத்தது. ஒயர்கள் பச்சைத் தையல் நூலால் முடிந்திருந்தன. அப்படி முடிகிறவன் உலகத்தில் ஒருவன்தான்: அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, ரேடியோ மெக்கானிக்.

கூப்பிட்டனுப்பிக் கேட்டார். "ஆமா மாமா, நான்தான் மாத்தினேன்" என்றான் அவன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. "நல்லதை உருவிக்கிட்டு பழசை வச்சிட்டியேடா, அக்கா வீட்டுலயே திருடுறியா?" என்று இவர் போட்ட சத்தம் அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன்தான். அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அக்காவும் தம்பியும் நூல் கடை வாசலில் நின்று பத்து நிமிடம் பேசிக்கொள்வார்கள் என்பது துப்பறிவாளருக்குத் தெரியாமல் இல்லை. தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான், மகள் ஒருநாள் "அம்மாவுக்கு ஒரு நல்ல ஸ்டீரியோ செட் வாங்கலாம்ப்பா, சின்னதா, இந்த அலமாரிக்குள்ள அடங்குற மாதிரி" என்று ஆரம்பித்ததும் அவர் காது விடைத்துக்கொண்டது. பதினொரு வருடம் கழித்து இன்றைக்கு என்ன திடீர்ப் பாட்டு? இது பாட்டுக்கான ஏற்பாடு இல்லை, மச்சினனை வீட்டுக்குள் கொண்டுவரும் ஏற்பாடு என்று அவர் மனசு சொன்னது.

"வாங்கலாம். ஆனா ஒண்ணு. உன் தம்பி கை பட்டது எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் மனைவியைப் பார்த்து.

அவள் ஊசியில் நூலைக் கோத்தபடி, "நீங்களே போய்ப் பார்த்து வாங்குங்க" என்றாள். இவ்வளவு லேசாக ஒப்புக்கொண்டதே அவருக்குப் பிடிக்கவில்லை.

முதல் கடையில் விற்பனைக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். துப்பறிவாளர் ஸ்பீக்கரைக் கையில் தூக்கி எடை பார்த்தார். தேங்காயைத் தட்டுவதுபோல விரல் முட்டியால் தட்டினார். பிறகு பின்பக்கத்தை மோந்து பார்த்தார்.

"சார், இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். ஸ்பீக்கரை மோந்து பார்த்தவங்க நீங்கதான்."

"பசை காயலை. புதுச் சரக்கை அவசரமா ஒட்டியிருக்கான்."

விற்பனைக்காரர் இரண்டு செட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். விலை கூடின செட் கணீரென்று கேட்டது. கேட்காமல் என்ன செய்யும்? அதைப் போடும்போதெல்லாம் அந்த ஆளின் கட்டைவிரல் குமிழை ஒரு இழை திருகியதை இவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். "சத்தம் கூடினா எல்லாமே நல்லாத்தான்யா கேக்கும். என் காதுல பூ சுத்தாதீங்க" என்று எழுந்தார். இரண்டாவது கடையில் அவர்களே ஒரு பாட்டை வைத்திருந்தார்கள். முழுக்க மத்தளமும் இடியுமாக, எந்தச் செட்டில் போட்டாலும் நெஞ்சு அதிரும் பாட்டு. இவர் சட்டைப்பையிலிருந்து தன் பென்டிரைவை எடுத்து நீட்டினார். ஒரு பெண் குரல், ஒரு வயலின், வேறு எதுவும் இல்லாத பாட்டு. கடைக்காரர் முகம் சுருங்கியது.

கடையில் உண்மை தெரியாது என்ற முடிவுக்கு வந்தார். இரண்டு கடையிலும் முன்பணம் கட்டி, ஆளுக்கொரு செட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்கு வாங்கி வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் மகள் மூன்றாவது ஒன்றை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு வந்தாள். "கூட வேலை பார்க்கிற அக்கா புதுசா வாங்கினதுப்பா. நல்லாயிருக்காம். கேட்டுட்டுத் தர்றேன்னு சொன்னேன்."

"எந்த அக்கா?"

"கணக்குப் பிரிவு அக்கா."

"எந்தக் கம்பெனி செட்டு?"

"பேரைச் சொன்னா நாளைக்கு மார்க் ஒருபக்கம் சாயும்னு நீங்கதானே சொல்வீங்க."

பிடி கொடுக்காத பதில். ஆனால் அவர் பாடத்தையே அவருக்குத் திருப்பிப் படித்துவிட்டாள், என்ன சொல்வது?

ஞாயிறு காலை கூடம் கிடங்காக மாறியது. அலமாரிக்கு முன்னால் கனத்த போர்வையைக் கட்டினார்கள். பின்னால் மூன்று செட்டும் ஒரே உயரத்தில். மகளின் போனில் சத்தம் அளக்கிற ஒன்று இருந்தது. மூன்றும் ஒரே அளவு என்பதை அவர் போர்வைக்கு வெளியே நின்றே சரிபார்த்தார்; உள்ளே குமிழைத் திருகியது மகள். எண்ணும் பெயரும் எழுதிய சீட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கத்தரிக்கோலை வைத்தாள் மகள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். மனைவி மிஷின் ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றாம் எண். 'அடி அதிகம். குரல் பின்னால் போகிறது. ஐந்தரை.' இரண்டாம் எண். 'பளபளப்பு. வயலின் கீறுகிறது. ஆறு.'

மூன்றாம் எண் ஆரம்பித்தது. அவர் எழுதப் போன பேனா அப்படியே நின்றது. அடுத்த வரிக்கு முன்னால் அந்தப் பெண் மூச்சை இழுப்பது கேட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்ட பாட்டு. அவள் மூச்சு விடுகிறாள் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது! பக்கத்து அறையில் யாரோ உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவை. வரிசையை மாத்து. எந்த எண்ணு முதல்லன்னு சொல்லாத" என்றார்.

மாற்றிப் போட்டார்கள். இரண்டாவதாக வந்தது அது; அவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. எட்டரை என்று எழுதினார். தேநீருக்கே முப்பது வருடத்தில் இரண்டு தடவைதான் எட்டரை கொடுத்திருக்கிறார்.

"எடு சீட்டை."

மகள் சீட்டைத் தொடவில்லை. அம்மாவைப் பார்த்தாள். துப்பறிவாளருக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்ப் போர்வையை இழுத்தார். மூன்றாவது செட் சாதாரண மரப்பெட்டி. கம்பெனிப் பெயர் எங்கேயும் இல்லை. பின்பக்கம் திருப்பினார். ஒயர்கள் ஒழுங்காக மடங்கி, பச்சைத் தையல் நூலால் முடிந்திருந்தன.

"ஓஹோ! தாயும் மகளுமா சேர்ந்து நாடகம் போட்டீங்களா?" காது மடல்வரை சூடேறியது அவருக்கு. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்தீங்களே!"

"பட்டியல் நிமிர்ந்தாச்சு. இனி மார்க் மாறாது, இல்லையா?" என்றாள் மனைவி.

"மார்க் மாறாது. அது அந்தப் பெட்டிக்கு. திருடினவன் எட்டரை வாங்கினாலும் திருடினவன்தான்."

அவள் எழுந்து நின்றாள். "அவன் திருடலை. நான்தான் தண்ணியைக் கொட்டினேன்."

"என்னது?"

"இஸ்திரி போடத் தண்ணி தெளிக்க வச்சிருந்த சொம்பு. கை தட்டி அப்படியே டேப்ரெக்கார்டர்மேல சாஞ்சுடுச்சு. உள்ள புகைஞ்சுது. நீங்க அன்னிக்குச் சாயங்காலம் ஊர்லேருந்து வர்ற நாள். தம்பியைக் கூப்பிட்டு அழுதேன். புதுசு கிடைக்க ரெண்டு நாள் ஆகும்னான். அவன் வீட்டு ரேடியோவைப் பிரிச்சு, அதுல இருந்ததைக் கழட்டிக் கொண்டாந்து மாட்டினான். 'மாமாகிட்டச் சொல்லிடுக்கா'ன்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னு சத்தியம் வாங்கினேன்."

"இதை அன்னிக்கே என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொல்லியிருந்தா? சொம்பு ஏன் அங்க இருந்துச்சு, எத்தனை மணிக்குக் கொட்டுச்சு, அப்ப வீட்டுல யார் இருந்தா, நிஜமா நீதான் கொட்டினியான்னு ஒரு மாசம் கேட்டிருப்பீங்க. எனக்குப் பயமா இருந்துச்சுங்க. நீங்க அவனைத் திருடன்னப்போ நான் இதே ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். நான் வாயைத் திறக்கலை. பாவி நான், கூடப்பிறந்தவனைக் காட்டிக்குடுத்துட்டு உக்காந்திருந்தேன்."

இதுவும் பொய்யாக இருக்குமோ என்று ஒரு கணம் அவர் மனம் பழக்க தோஷத்தில் ஓடியது. அப்புறம் அலமாரிப் பலகை கண்ணில் பட்டது. பழைய பெட்டி இருந்த இடத்தில் தண்ணீர் ஊறி வெளுத்த தடம் இன்னும் இருந்தது. அன்றைக்கே பார்த்தார். அதையும் பார்த்தார், கருகலையும் பார்த்தார், பச்சை நூலையும் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தப்பான ஆள் தலையில் கட்டினார். ஒரு துளி நாக்கில் பட்டால் கலப்படம் சொல்கிறவர், தன் பெண்டாட்டி தன்னிடம் பயந்து வாழ்கிறாள் என்பதைப் பதினொரு வருடமாகக் கண்டுபிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றவில்லை.

"நம்பர் போட்டுக் குடு" என்று மகளிடம் கையை நீட்டினார்.

மறுமுனையில் மணி வெகுநேரம் அடித்தது. "யாரு?"

"நான்தான்டா. மாமா."

"செட்டுல என்ன குறை?" என்றான் மச்சினன்.

"குறை ஒண்ணும் இல்லை. எட்டரை போட்டேன்."

"சரி. அதுக்கு எதுக்கு போனு?"

"அன்னிக்கு நீ எதையும் எடுக்கலை. உன் அக்கா இப்பத்தான் சொன்னா. நான் பேசினது தப்பு. தெருவே கேக்கப் பேசினது அதைவிடத் தப்பு. வீட்டுக்கு வாடா."

"யாராவது பக்கத்துல நின்னு சொல்லித் தர்றாங்களா? அக்காகிட்டக் குடுங்க."

'என்னை நம்புடா' என்று நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல ஒரு யோக்கியதை வேண்டாமா? விழுங்கிவிட்டு போனை மனைவியிடம் கொடுத்தார்.

"ஆமாடா, அவரேதான். எல்லாத்தையும் சொல்லிட்டேன்... இல்லடா, கோவமா இல்ல... சும்மாதான் நிக்கிறார்..." அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "நிஜமாத்தான் கூப்பிடுறீங்களான்னு கேக்குறான்."

"நிஜமாத்தான்னு சொல்லு."

சொன்னாள். கேட்டாள். மறுபடி பொத்தினாள். "இன்னொரு தடவை கேக்கச் சொல்றான்."

"நிஜமாத்தான்மா."

அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு போனை வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கிளம்புறானாம். ஆனா நம்ம வாசல்ல நீங்க நிக்கிறது பஸ்லேருந்து தெரிஞ்சாத்தான் இறங்குவானாம். இல்லேன்னா அப்படியே போயிடுவானாம்."

அவன் வீட்டிலிருந்து பஸ் வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். துப்பறிவாளர் சட்டையை மாட்டிக்கொண்டார், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார், அப்போதே போய் வாசலில் நின்றார்.