சவிரி அண்ணையின் பித்தளைப் பேனை

புதன்கிழமை காலை, அரசாங்கக் கச்சேரி வாசல் மரநிழலில் ஒரு பெரியவருக்குக் காணிப் பெட்டிசம் எழுதிக்கொண்டிருந்தேன்; மனு எழுதுவதுதான் என் பிழைப்பு. குருநகர் மீன்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றியபடியே, "சவிரி அண்ணை விடியப்புறம் மோசம் போட்டார்" என்று சாவுச் செய்தி சொன்னார். பெரியவர் தன் வேலிக் கதையை நிறுத்தவில்லை. நானும் எழுத்தை நிறுத்தவில்லை. பிறகு வாசித்துப் பார்த்தால், வேலியை நகர்த்தியவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சவிரிமுத்து என்று எழுதியிருந்தேன். பெரியவருக்குக் கோபம் வந்தது. நியாயம்தான். வேறு தாளில் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

சவிரிமுத்தரை உங்களில் பலருக்குத் தெரியும். கடற்றொழில் குடும்பத்தில் பிறந்தும் வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி எடுக்கிற மனிதர். அதனால் கரையிலேயே கடைச்சல் பட்டறை போட்டு, மற்றவர்களின் வள்ள இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்தார். அது பிழைப்பு. ஆசை வேறு. வெடித்த துவக்குத் தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளில் மைப்பேனை செய்வார். மகாயுத்தம் முடிந்து வெள்ளைக்காரப் படை போனபின் ஏலத்தில் விட்ட கோதுகள், பழைய இரும்புக் கடையொன்றில் சாக்குச் சாக்காகக் கிடந்தன. இரண்டு கோது ஒரு பேனை: ஒன்று உடல், மற்றது மூடி. மை நிற்க உள்ளே ஒரு றப்பர் குழாய். நிப்பு மட்டும் கடைச் சாமான்.

துவக்கின் ஊசி குத்திய அடிப்பக்கத்தைக் குடைந்தெடுத்து, அந்தத் துளையில் ஒரு சங்குத் துண்டை அளவாக ராவிப் பதிப்பார். ஒரு பேனைக்கு அதுவே அரை நாள் வேலை. "உதுக்குப்போய் இவ்வளவு மினக்கெட வேணுமோ அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன். அரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உது ஒருக்காக் கத்திப்போட்டுது. இனி மெல்லக் கதைக்கட்டும். அதுக்கு நான் கொஞ்சம் மினக்கெட்டால் என்ன?" என்றார். திரும்பவும் அரத்தை எடுத்தார்.

எனக்கு அவர் பேனை செய்தது நான் கேட்டு அல்ல. தமையனாரின் வலை அறுந்த விஷயமாக ஒரு பெட்டிசம் எழுத வந்திருந்தார். என் பேனை மையைக் கக்கித் தாளை நாசமாக்கிவிட்டது. "உம்மடை பேனை எங்கடை அண்ணையின்ரை வள்ளத்திலும் மோசமாய் ஒழுகுது" என்றார். பிறகு என் வலக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சிறுவயதில் முறிந்த என் சுட்டுவிரல் மடங்காது. இரண்டு கிழமை கழித்து அந்த விரல் படுகிற இடத்தில் மட்டும் பள்ளமாக ராவிய பேனையோடு வந்தார். பதினாறு வருடம் அந்தப் பேனையால்தான் எழுதினேன். இந்த ஊரில் யாருக்காவது ஒரு தெருவிளக்கோ ஓய்வூதியமோ கிடைத்திருந்தால், அதில் சவிரி அண்ணைக்கும் பங்கு உண்டு.

பிறகு காலம் கெட்டது. எங்கும் ஆமிக்காரரின் சோதனை. சவிரி அண்ணையின் பேனையைச் சட்டைப்பையில் குத்தியிருந்த ஒருவரைப் பஸ்சிலிருந்து இறக்கி, "தோட்டா எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுப் பொழுதுபடும்வரை வைத்திருந்து விட்டார்கள். அடுத்த கிழமையிலிருந்து பேனைகள் பட்டறைக்குத் திரும்பி வரத் தொடங்கின. பேப்பரில் சுற்றி, மீன் பையில் மறைத்து, ஆள் பார்க்காமல் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் யாரையும் கோபிக்கவில்லை. எல்லாவற்றையும் தமையனாரிடம் கொடுத்து ஆழ்கடலில் போடச் சொன்னார். தனக்கென்று ஒன்றைக்கூட வைக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் என்னைக் கேட்டார்: "உம்மடை எங்கை?"

"வீட்டிலை பத்திரமாய்க் கிடக்கு அண்ணை."

"எழுதுதோ?"

"ஓம், எழுதுது."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அப்ப ஒண்டாவது மிஞ்சியிருக்கு. எனக்கு அது ஒண்டே காணும்" என்றார்.

நான் சொன்னது பொய். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அரியாலைக் கடற்கரையில் நின்று அதை எறிந்திருந்தேன். எங்கள் கடலின் இலட்சணம் உங்களுக்குத் தெரியும். கணுக்கால் தண்ணீரில் விழுந்து மின்னிக்கொண்டு கிடந்தது. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி, அதைக் காலால் சேற்றுக்குள் மிதித்தேன். மறுநாள் மனம் கேட்காமல் போய்த் துழாவினேன். அகப்படவில்லை. அதன்பிறகு காணும்போதெல்லாம் அவர் கேட்பார், நான் ஓம் என்பேன். "நிப்புத் தேஞ்சிருக்கும், கொண்டாரும், மாத்தித் தாறன்" என்பார். "இன்னும் தேயேல்லை அண்ணை" என்பேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் போவேன். அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வராது. கோழைத்தனத்துக்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி மரியம்மா அக்கா என்னை ஒருபக்கம் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பேனையை உங்களிட்டைக் கேட்டு வாங்கிப் பெட்டியுக்கை வைக்க நினைச்சிருந்தனான். போன மாசம் அவரிட்டைச் சொன்னால், மனுசன் சத்தம் போட்டுது. 'அது அவரின்ரை கையிலை எழுதிக்கொண்டிருக்கட்டும், என்னோடை புதைக்காதை' எண்டுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒருக்காக் கொண்டுவந்து காட்டுவியளே? கையிலை வைச்சுப் பாத்திட்டுத் தாறன்" என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாறன் அக்கா" என்றேன். அந்த வேளையிலும் பொய்.

சவிரி அண்ணையைத் தெரிந்தவர்களே, உங்களில் யாராவது கூரை இடுக்கிலோ கிணற்றுக் கட்டின் அடியிலோ ஒன்றை ஒளித்து வைத்திருக்கக்கூடும். அதை வெளியே எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானே மிதித்துப் புதைத்தவன். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறதென்றால் மரியம்மா அக்காவின் காதில் ஒரு வார்த்தை போடுங்கள். அண்ணை செய்த ஒரு சாமானும் இன்று என்னிடம் இல்லை. "எழுதுதோ?" என்று கேட்கிற அந்தக் குரல் மட்டும் இருக்கிறது. அது ஓயப்போவதில்லை. இன்னும் ஒருமுறையாவது அந்தக் குரலை நேரில் கேட்டு, "இல்லை அண்ணை" என்று சொல்லக் கிடைத்தால் போதுமென்று மனம் கிடந்து தவிக்கிறது.

நாளை ஞாயிறு. மரியம்மா அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போகிறேன்.