மச்சான் வண்டி மேக்னெட்டோ

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் சேலத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்தேன். ஒருநாள் நாமக்கல் பக்கத்து மிட்டாதார் ஒருவர், சிறிய ஜமீன்தார் மாதிரி, ஆள் அனுப்பினார். வண்டி ரிப்பேர் இல்லை. அதன் என்ஜின் முழுக்க அசல் என்று ஊரார் முன்னிலையில் நான் சொல்ல வேண்டுமாம்.

மோகனூரில் இருந்த அவர் மனைவியின் அண்ணனும் அதே மாதிரி சீமைக் கார் வைத்திருந்தார். வாய்க்கால் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம். "அவுங்க வண்டிக்குள்ள பூரா சந்தைச் சாமானுங்க" என்று மச்சான் ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிவிட்டார். அதிலிருந்து மிட்டாதாருக்குச் சோறு இறங்கவில்லை.

போனேன். ஊரார் கூடியிருக்க, காருக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கம்பெனி, வண்டியின் வரிசை எண்ணையே என்ஜினின் முக்கிய பாகங்களிலும் பொறித்துவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தேன். என்ஜின் பிளாக்கில் சரியான எண். தீப்பொறி தரும் மேக்னெட்டோவிலும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரிலும் வேறு எண். எனக்கு அது பழகிய எண்தான். மச்சானின் வண்டி என் பட்டறைக்கு வந்து போவது உண்டு.

"எல்லாம் அசல்தானுங்க" என்றேன். மிட்டாதார் மீசையைத் தடவினார். "ஆனா பாதி உங்க மச்சானோட அசலுங்க."

தடவிய கை அப்படியே நின்றது. டிரைவரைக் கூப்பிட்டார்.

"என்னங்க சாமி பண்றது? யுத்தத்துல சீமைச் சாமான் வரலீங்க. நம்முளது கெட்டுப்போச்சு. மோகனூர் டிரைவர்கிட்ட வாங்கி மாட்டுவேன், அவுங்களுக்கு வேணும்னா திருப்பிக் குடுப்பேன். அதனாலதானுங்க ரெண்டு வண்டியும் ஒரே நேரத்துல எங்கயும் போறதில்லீங்க."

மச்சான் இருக்கும் இடத்தில் கால் வைக்காதது தன் வைராக்கியம் என்று அதுவரை மிட்டாதார் நம்பியிருந்தார்.

"கழட்டு எல்லாத்தையும்! இப்பவே அனுப்பு!"

கழற்றியதை மாட்டு வண்டியில் ஏற்றினோம். அவர் மனைவி வெளியே வந்து பார்த்தார்.

"இனி எங்கண்ணன் ஊட்டுக்கு நான் எதுல போறதுங்க?"

மிட்டாதார் காருக்குப் போட்ட மாலையைப் பிய்த்தெடுத்தார்.

"சாமான் அங்கதான போகுது? நானும் கூடவே போறேன்" என்று வண்டியில் ஏறி, மேக்னெட்டோவை மடியில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் மிட்டாதார் மாட்டு வண்டியில் மோகனூர் போய், மனைவியோடும் மச்சானோடும் மச்சானின் காரில் திரும்பினார் என்று மோகனூர் டிரைவர் சொன்னான். வழி முழுக்க ஆண்கள் இருவரும் வாய் திறக்கவில்லையாம். அந்த அம்மாதான் வாய்க்கால் விஷயத்தைப் பேசிக்கொண்டே வந்தாராம்.