நாலு பேரும் மெயின்

செல்வத்தின் வீட்டு வாசலில் நின்று நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. "குணாவுக்காக இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துடுய்யா, மறுபடியும் முகூர்த்தம் கிகூர்த்தம்னு சொல்லாத" என்று பாதிப் பேச்சில் இருந்தேன். போனில் குணாவின் மனைவி மல்லிகா. "அண்ணா, அவரு போயிட்டாருங்கண்ணா. இனிமே யாரையும் கூப்பிடாதீங்க." நான் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே செல்வத்தைப் பார்த்தேன். அவன் தன் பேஸ் கிடாருக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான். அந்த நிமிஷம் அவனை அடித்திருப்பேன்.

கீபோர்டு குணசேகரனைத் திருவண்ணாமலையில் எல்லோருக்கும் தெரியும். தீபத்துக்கும் கல்யாணத்துக்கும் எங்கள் மெல்லிசைக் குழுவோடு மேடையேறியவன். ஆனால் அவன் ஃப்யூக் என்று மேல்நாட்டுப் பாணியில் ஓர் இசை எழுதினான், அதை நான்கு மனிதர்கள் வாசிக்க ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று கிடந்து தவித்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆசிரமத்துப் பக்கம் அவன் வீட்டு மாடியில் ஒரு ஜெர்மன்காரம்மா வாடகைக்கு இருந்தார். ஊர் திரும்பும்போது தன் இசைப் புத்தகங்களை மூட்டையாக விட்டுப்போனார். அதில் விழுந்த குணா எழவேயில்லை. ஹார்மனி, மெட்டோடு மெட்டைப் பின்னும் கவுண்டர்பாயிண்ட், கடைசியில் இந்த ஃப்யூக். "அது இன்னாடா ஃப்யூக்?" என்று டீக்கடையில் கேட்டேன். "ஒருத்தன் ஒரு மெட்டை ஆரம்பிக்கிறான். அவன் முடிக்கிறப்ப இன்னொருத்தன் அதே மெட்டைப் பஞ்சமத்துல ஆரம்பிக்கிறான். மொத ஆளு வாயை மூட மாட்டான், வேற ஒண்ணு பேசிட்டே போவான். இப்படி நாலு பேரு." நம் வீட்டுக் கல்யாணப் பேச்சு மாதிரி இருக்கிறதே என்றேன். "அங்க ஒருத்தர் பேச்சும் காதுல விழாது. இங்க நாலும் விழணும்" என்றான்.

விதிகளில் கறார்ப் பேர்வழி. ஒவ்வொரு வாத்தியத்தின் பங்கும் அவனுக்கு ஒரு குரல். இரண்டு குரல்கள் பஞ்சம இடைவெளியிலேயே சேர்ந்து நகரக் கூடாதாம். அப்படி ஓர் இடம் எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது, இருக்கட்டுமேடா என்றேன். கத்தினான். "ரெண்டு பேரு ஒரே மாதிரி நடந்தா, அதுல ஒருத்தன் செத்துட்டான்னு அர்த்தம்யா!" அந்த ஓர் இடத்துக்காக முழுப் பக்கத்தையும் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினான்.

பிறகு கிட்னி இரண்டும் போயின. டயாலிசிஸுக்கு வேலூர். பௌர்ணமியில் மாட்டிக்கொண்டால் கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராது. மல்லிகா விசிற, இவன் மடியில் தாளை வைத்து மூன்றாம் குரலைத் திருத்திக்கொண்டிருப்பான். "டயம் கம்மி, வேலை ஜாஸ்தி" என்பான். கீபோர்டிலேயே நாலையும் போட்டுக் கேளேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அது நான் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். எனக்கு நாலு மனுஷன் வேணும்."

நாலு மனுஷனுக்கு எங்கே போவது? வயலினுக்கு அண்ணன்களான வியோலாவும் செல்லோவும் இந்த ஊரில் ஏது? நான் முதல் வயலின். கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் ரவி இரண்டாவது. பேண்டு செட்டிலிருந்து ஒரு கிளாரினெட். அடிக்குரலுக்குச் செல்வத்தின் பேஸ் கிடார். முதல் ஒத்திகையில் ரவி வந்து உட்கார்ந்ததும் சுருதிப் பெட்டியைப் போட்டார். "ஐயோ, அணைங்க! பாட்டு வீடு மாறிட்டே போவுது, நீங்க பழைய வீட்டுக் கதவையே தட்டறீங்களே!" என்று குணா பதறினான். ரவி அணைத்தார். ஆனால் பஞ்சமத்தில் நுழைய வேண்டிய இடம் வந்தபோதெல்லாம், சுருதி விலகிவிட்டதென்று பயந்து, மரியாதையாக என் சுரத்துக்கே வந்து சேர்ந்துகொண்டார். "மெயின் எங்க போறாரோ அங்கதானங்க போவணும்? கூட வாசிச்சே பழகிட்டேனுங்க" என்றார் பாவமாக. குணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்க மெயினே கிடையாது ரவி. நாலு பேரும் மெயின். யாரும் யாருக்கும் அடங்க வேணாம்."

போன ஞாயிறு எல்லாம் சரியாக இருந்தது. ரவிகூடத் தயார். செல்வம் மட்டும் கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். கட்டிலில் கால் வீங்கிக் கிடந்த குணா கையூன்றி எழுந்து உட்கார்ந்தான். "சரி, நாலாவது நான் பாடறேன். ஆரம்பிங்க." மூச்சு வாங்க வாங்க, விடாமல் கடைசிச் சுரம் வரை பாடினான். முடிந்ததும், "கேட்டியாடா?" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். மலங்க மலங்கப் பார்த்தான். "எங்க கேட்டேன்? என் குரல விடாம புடிச்சுக்கறதுக்கே சரியாப் போச்சு. ஒண்ணும் காதுல விழல. அடுத்த வாரம் செல்வத்த இழுத்துட்டு வா. நான் சும்மா படுத்துட்டுக் கேக்கணும்."

அந்த அடுத்த வாரம்தான் வரவில்லை. அவனைத் தூக்க மட்டும் நாலு பேர் ஒரே போனில் வந்து நின்றார்கள். செல்வமும் ஒரு பக்கம் தோள் கொடுத்தான். தெரு முனைவரை எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. அடப்பாவிகளா, இதற்கு மட்டும் எப்படியடா நேரம் கிடைத்தது?

குணா பாடிய அந்த ஞாயிறன்று, பாட்டின் நடுவில் என் வயலினுக்குச் சில பார், அதாவது சில தாளக்கட்டு, ஓய்வு வந்தது; அப்படித்தான் எழுதியிருந்தான். வில்லை இறக்கிவிட்டுச் சும்மா நின்றேன். ரவி யாருக்கும் அடங்காமல் போனார், கிளாரினெட் வேறு வழியில் இறங்கி வந்தது, அடியில் குணாவின் கம்மிய குரல் தன் பாட்டுக்கு நடந்தது. மூன்றும் தனித்தனியாகக் கேட்டன, ஒன்றாகவும் கேட்டன. அவன் அத்தனை வருஷம் உயிரை விட்டது இதற்குத்தானா என்று அப்போதுதான் புரிந்தது. குணாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சில பார் ஓய்வுதான். அவன் காதுக்குப் போயிருக்க வேண்டியது. இதை இப்போது நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்?