சொல்லில்லாத இரண்டு பக்கங்கள்

நான் கண்ணால் கண்டவற்றையும், காதால் கேட்டவற்றையும், உரியவரிடமே பிறகு கேட்டு உறுதிசெய்துகொண்டவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். அடக்கம் கருதி விதித்துக்கொண்ட கட்டுப்பாடு அன்று இது. சில மாதங்களுக்கு முன், நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தவன்போல் ஒருவருக்கு விளக்கினேன். அவர் என்னை நம்பி நான்கு நாள் வருந்தினார். உறுதியில்லாத எதையும் அவரைப் பற்றி எழுதும் உரிமை இனி எனக்கு இல்லை. எழுதியதை அவருக்கு வாசித்தும் காட்டினேன். இரண்டு இடங்களைத் திருத்தினார். பெயர்கள் வேண்டா என்றார்; அவருடைய பணி குறித்த முடிவு இன்னும் வரவில்லை.

அவர் பேருந்து ஓட்டுநர். பாலக்கோட்டில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. நான் மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியன். நெடுங்காலம் தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு எங்கள் பழக்கம் நின்றிருந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அவர் சேலத்தில் இருப்பார்.

அவருக்கு நீரிழிவு உண்டு. ஒருநாள் காலை, தக்காளி ஏற்றிய வண்டிகள் சந்தைச் சாலையை அடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில், முன்னால் நின்ற வண்டியின் எண்பலகைமீது கறுப்பு நூலிழைகள் மிதப்பதைக் கண்டிருக்கிறார். கண்ணைத் துடைத்தும் அவை போகவில்லை. தருமபுரிவரை மெல்ல ஓட்டிச் சென்று, அங்கே பேருந்தை வேறொரு ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கிக்கொண்டார். அந்தக் கண்ணோடு தொப்பூர்க் கணவாயில் இறங்கக் கூடாது என்று தாமே முடிவெடுத்ததாகச் சொன்னார். விழித்திரையில் இரத்தம் கசிந்திருந்தது. ஊசியும் லேசர் சிகிச்சையும் தொடங்கின. சிகிச்சை முடிந்தபின் மருத்துவக் குழு பரிசோதித்து, அவர் மறுபடியும் பேருந்து ஓட்டலாமா கூடாதா என்று சொல்லும். ஓட்டக் கூடாது என்றால் பணிமனையில் வேறு ஏதேனும் வேலை தருவார்கள். அந்த "வேறு ஏதேனும்" என்பதை அவர் சொல்லும்போதெல்லாம், வாயில் கசப்பு மாத்திரை கரைவதுபோல் முகம் சுளிப்பார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள், பழைய ஆங்கிலப் படக்கதைகளைப் படிக்கும் செயலி ஒன்றுக்கு அவர் பெயரில் ஆண்டுச் சந்தா கட்டியிருந்தார். இயல்பை மீறிய ஆற்றலுடைய நாயகர்களின் கதைகள் முதல் இதழிலிருந்து வரிசையாக அதில் கிடைக்கும். ஒவ்வோர் இதழுக்குக் கீழும் வாசகர் கருத்து எழுத இடம் உண்டு. அவர் இவற்றைச் சிறுவயதில் படித்தவர் அல்லர். ஐம்பதை நெருங்கும்போது, சேலத்தில் வண்டி நிற்கும் நேரங்களில் படிக்கத் தொடங்கியவர். ஆங்கிலம் முழுமையாகப் புரியாது. படம் பார்த்துப் பொருள் கூட்டிக்கொள்வார்.

கண்ணுக்கு ஊசி போட்டபின், சில வாரங்கள் திரை பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருந்து வாங்கிக் கொடுக்கப் போன ஒரு மாலையில், கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்தவர் என்னிடம் கேட்டார்.

"சார், நீங்க இங்கிலீசு படிப்பீங்கல்ல?"

"படிப்பேன்."

"நாப்பத்தி ஒண்ணாம் நெம்பர்ல நிக்கறேன். நாலு பக்கம் படிச்சுச் சொல்றீங்களா? என் வூட்டுல படிக்கச் சொன்னா செபம் படிக்கற மாதிரி ஒரே ராகத்துல படிக்கறா."

உள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்: "செபமாவது கேக்கறீங்களேன்னு நெனச்சுக்கறேன்."

அன்றுமுதல் பள்ளி விட்டதும் நாலரை மணிக்கு அவர் வீட்டு முன்னறையில் வாசிப்பு நடந்தது. அவர் மனைவி சர்க்கரை போடாத தேநீரை இருவருக்கும் தருவார். எனக்கு நீரிழிவு இல்லை என்று ஒருமுறை சொன்னேன். "வரும்," என்றார்.

நாங்கள் படித்த தொடரின் நாயகன், பகலில் ஒரு வெளிநாட்டு நகரத்து இரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவன். ஆபத்து வந்தால் மஞ்சள் கையுறை அணிந்துகொள்வான். ஓடும் எதையும் தொட்டால் அது நின்றுவிடும். நான் ஆங்கில உரையாடலைத் தமிழாக்கி வாசித்தேன். கலப்பில்லாத தமிழே எனக்குக் கைவந்தது. வங்கியைக் கொள்ளையிட வந்தவன் நாயகனைப் பார்த்து, "உன்னை யான் அறிவேன், விலகி நில்" என்றபோது, ஓட்டுநர் கையைத் தூக்கி வாசிப்பை நிறுத்தினார்.

"சார், அவன் திருடன் சார். கல்யாணப் பத்திரிக்கை வாசிக்கற மாதிரி பேசறான்."

"திருடன் பிழையில்லாமல் பேசக் கூடாதா?"

"பேசட்டும். பேசி முடிக்கறதுக்குள்ள போலீசு வந்துரும்."

மறுநாள்முதல் திருடர்களின் நடையைச் சற்றுத் தளர்த்திக்கொண்டேன்.

கதையைப் பற்றிய அவருடைய விமரிசனம் வேறு வகையானது. நாயகன் பாய்ந்துவரும் சரக்குந்தை ஒரே தொடுகையில் நிறுத்தும்போதெல்லாம் அவருக்குப் பொறுக்காது. "லாரி நிக்கும் சார். லோடு நிக்குமா? இரும்புக் கம்பி ஏத்தியிருந்தா கேபினப் பொத்துகிட்டு வெளிய வரும். தொப்பூர்ல எத்தன பாத்திருக்கேன். எழுதினவன் ஒரு நாளும் ஸ்டியரிங் புடிச்சதில்ல." அதை ஆங்கிலத்தில் எழுதிக் கருத்துப் பகுதியில் இடுமாறு கேட்பார். நான் எழுதினேன். எங்கோ ஒரு நாட்டிலிருந்து, இயற்பியல் படித்தவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், இவர் சொல்வது சரி என்று பதில் எழுதினார். அன்று அவர் ஒரு குவளைத் தேநீர் கூடுதலாகக் கேட்டார்.

நாற்பத்தேழாம் இதழில் ஒரு பேருந்து வந்தது. மலைச்சரிவில் தடைக்கட்டை பிடிக்காமல் போன பயணியர் பேருந்து அது. ஓட்டுநர் இருக்கையில் தலை நரைத்த ஒருவர். நாயகன் இம்முறை ஒரேயடியாக நிறுத்தவில்லை. பின்புறத்தில் கைவைத்துச் சிறிது சிறிதாக வேகத்தைக் குறைத்தான். முன்னால் அந்த முதியவர், வண்டியைப் பாறைப் பக்கமாக உரசவிட்டுப் பள்ளத்திலிருந்து காத்தார். நான் வாசிக்க வாசிக்க, என் நண்பரின் வலக்கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"இப்பத்தான் எழுதினவனுக்குப் புத்தி வந்திருக்கு," என்றார். "அப்பறம்?"

பேருந்து நின்றது. பயணிகள் இறங்கினார்கள். ஒரு தாய் நாயகனுக்கு நன்றி சொன்னாள். நான் விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அங்கே நாயகன் நிலையத்தில் வழக்கம்போல் பயணச்சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். கதை முடிந்தது.

"டிரைவரு என்னானாரு?"

"சொல்லப்படவில்லை."

"சொல்லலியா?"

"இல்லை. ஆசிரியர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். சொல்லாமல் விடுவது ஒரு நயம்."

நான் கல்லூரியில் கற்றது அது. மூலத்தில் எழுதியிருப்பதே பொருள். எழுதாததை உரையாசிரியன் தன் விருப்பத்துக்குச் சேர்க்கலாகாது. பழைய உரைகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் சொல்லி அந்த நயத்தை விரிவாக விளக்கினேன். முடித்தபின் அவர் மெல்லச் சொன்னார்:

"நயமெல்லாம் இல்ல சார். எப்பவும் அப்படித்தான். பஸ் நின்னுச்சு, சனம் பொழச்சுது. டிரைவரு என்னானான்னு யாரு கேக்கறா? கத எழுதறவனும் கேக்கல."

அடுத்த நாள் வாசிக்க வேண்டாம் என்றார். அதற்கடுத்த நாளும் வேண்டாம் என்றார். வாசலில் அவர் மனைவி என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார். "அந்தக் கதயில டிரைவர அம்போன்னு வுட்டுட்டாங்களாமே சார். அதயே சொல்லிச் சொல்லிப் பொலம்பறாரு. மெடிக்கல் போர்டுக்கே போவல, ஓட்ட வேணாம்னு எழுதிக் குடுத்துடறேங்கறாரு. கண்ணு தெளிஞ்சுகிட்டு வருதுன்னு டாக்டரு சொல்றாரு, இவரு காதுல வாங்கல."

அப்போதும் என் விளக்கத்தை நான் ஐயுறவில்லை. வேறு வாசகர்கள் அவருக்கு ஆறுதலாக ஏதேனும் சொல்லக்கூடும் என்று எண்ணி, என் கைப்பேசியிலிருந்தே அவருடைய கணக்கில் நுழைந்து, கருத்துப் பகுதியில் ஒரு குறிப்பு எழுதினேன். அந்த ஓட்டுநரின் முடிவை ஆசிரியர் ஏன் மறைத்தார் என்று கேட்டு, சொல்லாமல் விடும் மரபைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்தேன். மறுநாள் நண்பகல் உணவு வேளையில் இரண்டு பதில்கள் இருந்தன. ஒருவர் பக்க எண்களை மட்டும் கொடுத்திருந்தார்: கடைசிப் பக்கத்துக்கு முந்தைய இரண்டு. மற்றவர், அந்தத் தொடரிலேயே அவருக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அவைதாம் என்றும், என் படியில் அவை விடுபட்டிருக்கின்றனவா என்றும் பரிவோடு கேட்டிருந்தார்.

விடுபடவில்லை. ஆசிரியர் அறையில் அமர்ந்து அவற்றைத் திறந்தேன். இரண்டு பக்கங்கள், பன்னிரண்டு கட்டங்கள், ஓர் எழுத்துக்கூட இல்லை. அந்தச் செயலியில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் திரையை நிறைத்து வரும். எழுத்தில்லாத கட்டம் வந்தபோதெல்லாம், வாசிக்க ஏதுமில்லை என்று விரலால் தள்ளியிருக்கிறேன். நூலின் ஓரத்துப் பூவேலையைக் கண் தாண்டுவதுபோல் தாண்டியிருக்கிறேன். இந்த இதழில் மட்டுமன்று. ஏழு இதழ்களிலும் அப்படித்தான். படக்கதையைப் படம் பார்க்காமல் ஒருவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்; அவரோ பார்க்க முடியாதவர்.

மாலையில் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் பக்கம் திரும்பினார்.

"இருந்துச்சா?"

"இருந்தது. நான் தள்ளிவிட்டேன்."

"ஏனுங்க சார், வண்டி கைமாத்தும்போது நாங்க என்ன பண்ணுவோம் தெரியுங்களா? எறங்கறவன் ஏறறவனுக்கு ஒண்ணு வுடாம சொல்லணும். எடது பக்கம் இழுக்குது, ரெண்டாவது கியரு கொஞ்சம் மக்கர் பண்ணுது, வழியில ஒரு வளைவுல மண்ணு சரிஞ்சிருக்குது. எழுதி வெக்கமாட்டோம். எழுதலைங்கறதுக்காகச் சொல்லாமப் போனா ஏறினவன் கதி என்ன?"

தேநீரோடு வந்து நின்ற அவர் மனைவி, "விடுங்க, வாத்தியாரு பாவம்," என்றார்.

"பாவந்தான். நாலு நாளா நானுந்தான் பாவம்," என்று சொல்லிவிட்டு அவர் சாய்ந்துகொண்டார். "சரி, இப்பச் சொல்லுங்க. படத்தச் சொல்லுங்க."

முதல் கட்டத்தைத் திறந்து தொடங்கினேன். "துயரம் தோய்ந்த முகத்தினராய், உள்ளம் ஒடுங்கி..."

"சார். கை எங்க இருக்குது?"

"யாருடைய கை?"

"டிரைவரு கை. ஸ்டியரிங்லயா, மடியிலயா?"

பார்த்தேன். "திசைச் சக்கரத்தைப் பிடித்தபடியே இருக்கிறது. பேருந்து காலியாக இருக்கிறது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள்."

"ம். விடாது கை. அடுத்தது?"

"நாயகன் ஏறி வருகிறான். கையுறையைக் கழற்றியிருக்கிறான். ஓட்டுநரின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறான்."

"ஒவ்வொண்ணாவா?"

"நான்கு கட்டங்களில் அதுவே வரைந்திருக்கிறது."

பிறகு நான் மற்றவற்றைச் சொன்னேன், பெயரடைகள் இல்லாமல். இருவரும் பேருந்தின் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு குடுவையிலிருந்து முதலில் ஓட்டுநர் குடிக்கிறார், பிறகு நாயகன். நாயகனின் கை நடுங்குகிறது, குடுவையிலிருந்து சிந்துகிறது. ஓட்டுநர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார். கடைசிக் கட்டத்தில் அவர் சாலையோரமாக நடந்து போகிறார். முதுகு மட்டுமே தெரிகிறது.

"தொப்பி?"

"கையில் இருக்கிறது."

"கையில வெச்சிருந்தா வேலைய விட்டுட்டான்னு அர்த்தம்."

"வெயில் தாழ்ந்திருக்கலாம்," என்றேன். உடனே திருத்திக்கொண்டேன். "இல்லை, அது படத்தில் இல்லை. தொப்பி கையில் இருக்கிறது. அவ்வளவுதான் தெரிகிறது."

அவர் சிரித்துவிட்டார். "இப்பத்தான் சார் நீங்க சரியா வண்டி கைமாத்தறீங்க."

நாற்பத்தோராம் இதழிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். ஒரு கட்டத்தையும் விடாமல் சொன்னேன். முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த இதழ் இரண்டு மாலைகளை எடுத்துக்கொண்டது. சுவர்க் கடிகாரம், நாயின் காது, பின்னால் நிற்கும் ஒருவனின் கிழிந்த காலணி என்று, நான் ஏழு இதழ்களில் பார்க்காமல் விட்டவை ஏராளம். அவர் மனைவியும் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்காரத் தொடங்கினார். கொள்ளையர் தலைவன் மனைவியின் காதணி ஒரு கட்டத்தில் இருக்க, அடுத்த கட்டத்தில் இல்லாமல் போனதை, என் தோள்வழியே பார்த்து அவர்தான் கண்டுபிடித்தார். கருத்துப் பகுதியில் அதையும் எழுதினோம்.

ஓட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. மருத்துவக் குழுவின் முன் போனார். நானும் உடன் சென்றேன். உள்ளே என்ன கேட்டார்கள் என்று வெளியே வந்ததும் அவரே சொன்னார்: எழுத்துப் பலகையில் கடைசி இரண்டு வரிகளுக்கு முன்வரை படித்திருக்கிறார், கீழே இருப்பதைத் தோராயமாகச் சொல்லச் சொன்னதற்கு, தெரியாததைச் சொல்ல முடியாது என்றிருக்கிறார். இன்னொரு பரிசோதனைக்குப் பிறகு முடிவு சொல்வதாக அனுப்பிவிட்டார்கள்.

அந்த இரண்டாம் பரிசோதனைக்கு இன்னும் நாள் குறிக்கப்படவில்லை. அவருடைய கண் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் நாளுக்கொரு விதமாகச் சொல்கிறார். குழு என்ன முடிவு எடுக்கும், அவர் மறுபடியும் பேருந்து ஓட்டுவாரா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.