முப்பத்தோராவது வாரம்

கியாசுதீன் நாற்பத்தைந்து வருஷம் புத்தகம் பைண்டு செய்தவர். காஞ்சிபுரத்தில் அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துவைக்காத வீடு குறைவு. கதை முடிந்ததும் கட்டு அவர் கடைக்கு வரும். தைத்து, அட்டை போட்டுக் கொடுப்பார். ஊரார் கதையையெல்லாம் ஒழுங்காகச் சேர்த்துக் கொடுத்த மனிதர், தன் வீட்டுக் கதையில் ஒரு வாரத்தைக் கோட்டை விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்போது வந்துகொண்டிருந்த ஒரு தொடரை மனைவி ஷமீம் பானுவுக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். பானுவுக்கு உருது எழுத்து தெரியும். தமிழ் பேச மட்டும்தான் வரும். என்ன சுகமான மத்தியானங்கள் அவை! முப்பதாவது வாரம், பகையாகிப்போன அண்ணன் தங்கை வீட்டுக் கதவைத் தட்டுவதோடு நின்றது. அடுத்த வாரம் கியாசுதீன் பத்திரிகைக் கடைக்குப் போவதற்குள் கடைசிப் பிரதியும் விற்றுப்போயிருந்தது. வீட்டிலோ பானு வெற்றிலை மடித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. பழைய இதழைப் பிரித்து வைத்துக்கொண்டு தானே கதை விட்டார். தங்கை கதவைத் திறந்தாள், அண்ணன் அழுதான், இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

பானு அப்போது வாலாஜாபாத்திலிருந்த தன் அண்ணனோடு இரண்டு வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருந்தாள். மறுநாளே கோழிக் குழம்பு வைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த இதழில்தான் கியாசுதீனுக்கு விஷயம் தெரிந்தது. தங்கை கதவைத் திறக்கவே இல்லையாம். திரும்பிப் போன அண்ணன் வழியிலேயே செத்தானாம். இனி என்ன செய்வது? செத்தவனைப் பம்பாய்க்கு வேலைக்கு அனுப்பிவிட்டு மிச்ச வாரங்களை ஒருவழியாகச் சமாளித்தார்.

இந்த வருஷம் அந்த நாவல் படமாக வந்தது. மகள் அஞ்சும் டிக்கெட் போட்டுவிட்டாள். மூட்டு வலி, வெயில் என்று அவர் சொன்ன சாக்கு எதுவும் எடுபடவில்லை. கதவு தட்டும் காட்சி வந்தபோது அவர் திரையைப் பார்க்கவில்லை, பானுவைத்தான் பார்த்தார்.

வெளியே வந்ததும் பானு பிடித்துக்கொண்டாள். "ஓட்டு வீட்ட பங்களாவா ஆக்கிட்டான், அது போவட்டும். அந்த அண்ணன எதுக்குங்க சாவடிச்சான்? புக்குல எவ்ளோ அழகா சேர்ந்தாங்க."

"சினிமாக்காரன் அப்படித்தான்" என்றார் கியாசுதீன். பழி யார் தலையிலோ விழுந்ததில் அவருக்கு நிம்மதி.

"மனசே ஆறலிங்க. வீட்டுக்குப் போனதும் அந்த வாரத்த இன்னொரு வாட்டி படிச்சுக் காட்டுங்க."

எதைப் படிப்பது? இந்த வயதில் இன்னொரு முறை ஏமாற்ற அவருக்குத் தெம்பு இல்லை.

"அந்த வாரம் நம்மகிட்ட இல்ல பானு. அன்னிக்கு பத்திரிகை கிடைக்கல. நானா சொன்னதுதான் அது. படத்துல வந்ததுதான் நாவல்லயும் இருக்குது."

பானு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அவள் அண்ணன் இறந்து பதினாறு வருஷம் ஆகிறது. சமாதானமான பிறகு அவர் உயிரோடிருந்த இருபது வருஷமும் ஒரு பெருநாள் தவறாமல் தங்கை வீட்டுக்கு வந்தவர். திட்டப்போகிறாள் என்று கியாசுதீன் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கண்ணைத் துடைத்தாள்.

"நல்ல வேளைங்க, அன்னிக்கு அது கிடைக்காம போச்சு" என்றாள். "கிடைச்சிருந்தா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கவே மாட்டேன்."